வியாழக்கிழமை வர வேண்டிய சரக்கு

தம்பியின் உடலை வாங்கிப் போக வேதவல்லி வந்தபோது கிடங்கில் இறால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செங்குன்றத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த குளிர்பதனக் கிடங்கு அது. வாசலில் நின்ற லாரியிலிருந்து அடித்த வாடைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருப்பது தன் தம்பி என்ற நினைவு வந்ததும் முந்தானையை எடுத்துவிட்டாள்.

பகல்நேரப் பொறுப்பாளர் நௌஷாத் அவளுக்கு நாற்காலி போட்டான். இந்த மாதிரி வருபவர்களிடம் என்ன பேசுவது என்று அவனுக்கு இன்னும் பழகவில்லை. கிடங்கில் நான்கு அறைகள். முதல் அறையில் இறால், இரண்டாவதில் ஐஸ்கிரீம், மூன்றாவதில் தடுப்பூசி. நான்காவது அறையை நிறுவனம் கடைசியாகச் சேர்த்தது. நகரத்து மருத்துவமனைகளின் பிணவறைகள் நிரம்பி வழியத் தொடங்கிய வருடம், யாரும் கேட்டு வராத உடல்களைத் தனியார் கிடங்குகளில் வைக்கலாம் என்று அனுமதி வந்தது. குளிரூட்டும் இயந்திரம் இருந்தது, வண்டி இருந்தது, கணினியில் இருப்புப் பதிவும் இருந்தது. நிறுவனம் இன்னொரு கதவை மட்டும் வைத்தது.

வேதவல்லி பொன்னேரியில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவள். தம்பி தணிகாசலம் லாரி ஓட்டுநர். மாதவரம் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்திருக்கிறான். விழுந்தவனின் கைப்பேசியையும் பர்ஸையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் தெரியாத ஆளாக அரசு மருத்துவமனைக்குப் போய், பெயர் தெரியாத ஆளாகவே இறந்துபோனான். அவள் ஒவ்வொரு காவல் நிலையமாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு காவலர் காட்டிய படத்தில் கிழிந்த காது மடலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். சின்ன வயதில் கொக்கியில் மாட்டிக் கிழிந்த காது.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா. ஏஜென்ட்டைக் கேட்டுச் சொல்றேன்" என்றான் நௌஷாத்.

"ஏஜென்ட்டுன்னா யாரு? அவர் எங்க இருக்காரு?"

"ஆள் இல்லக்கா. கம்ப்யூட்டர். முன்னாடியெல்லாம் ஆஸ்பத்திரியிலேருந்து, காலேஜிலேருந்து, இறால் கம்பெனியிலேருந்து ஆளுங்க போன் பண்ணிக் கேப்பாங்க. இப்ப அவங்க அவங்களுக்கு ஒரு ஏஜென்ட் இருக்கு. அதுங்க நேரா எங்க இருப்புப் பதிவுல வந்து பாத்துக்குதுங்க. என்ன பொருள், எந்த அறை, எத்தனை இருக்கு, யாருக்கு ஒதுக்கியிருக்கு. அவங்களே பேசி முடிச்சு வண்டியும் வரச் சொல்லிடுதுங்க."

அவள் கொண்டுவந்திருந்த காவல் நிலையக் கடிதத்தில் இருந்த எண்ணைச் சொல்லி அவன் கேட்டான். மேசைமேல் இருந்த ஒலிபெருக்கி, வானொலியில் செய்தி வாசிப்பது போன்ற சுத்தமான குரலில் பதில் சொன்னது.

"அந்தப் பொருள் இருப்பில் இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பப்பட்டது. பெறுநர், மருத்துவக் கல்லூரி, உடற்கூறியல் துறை."

நௌஷாத் அவசரமாக ஒலிபெருக்கியை அணைக்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் வேதவல்லி. "என்னா சொல்லுதுன்னு நானும் கேக்கறேன். பொருள்னா சொல்லுச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரைக் கேட்டு அனுப்புனீங்க? நான்தான் ஸ்டேஷன் ஸ்டேஷனா எழுதிக் குடுத்திருக்கேனே, காணோம் காணோம்னு."

"யாரும் கேட்டு வரலைன்னா, காத்திருக்க வேண்டிய நாள் முடிஞ்சதும் 'இருப்பு உண்டு'ன்னு தானா மாறிடும்கா. காலேஜ் ஏஜென்ட் வந்து பாக்கும். இருக்குன்னா எடுத்துக்கும். நீங்க ஸ்டேஷன்ல குடுத்தது இதுக்குத் தெரியாது. ஒருத்தரை யாராவது தேடிக்கிட்டிருக்காங்கன்னு எழுதறதுக்கு இதுல இடமே இல்லை."

அந்தக் குரல் மறுபடி பேசியது. அது இடைமறித்ததாகக்கூடத் தோன்றவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்ததுபோல இருந்தது.

"சிரமத்துக்கு வருந்துகிறோம். அதே வகையில் ஈடான இன்னொன்று நான்காம் அறையில் உள்ளது. ஆண், வயது வந்தவர். உயரமும் எடையும் ஏறத்தாழ அதேதான். பிந்தி வந்தது என்பதால் நிலை இன்னும் நன்றாக இருக்கிறது. தங்களுக்கு ஒதுக்கட்டுமா?"

நௌஷாத் இந்தப் பதிவைத் தினமும் பார்ப்பவன்தான். ஒரு பெட்டி வெண்ணெய் தவறிப்போனால் அதே எடையில் இன்னொரு பெட்டி கொடுக்கும் விதி அவனுக்குத் தெரியும். அந்த விதி நான்காம் அறைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது. யாரும் வேண்டுமென்று அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். நான்காம் அறையை மட்டும் விலக்கிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேதவல்லிக்கு அது சொன்னது விளங்கச் சற்று நேரமாயிற்று.

"வேற எவ பெத்த புள்ளையையோ எங்கிட்ட குடுக்கறேன்னு சொல்லுதா?"

"ஆமாக்கா."

"சீ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு, "அந்தக் காலேஜுக்குப் போனைப் போடு" என்றாள்.

கல்லூரியின் உடற்கூறியல் துறையில் மனிதர்தான் பேசினார். மோசஸ் என்று பெயர் சொன்னார். அங்கே உடல்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். வெள்ளிக்கிழமை வந்தது என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல் கிழிந்தவர் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா" என்றார். "நீங்க வர வேணாம். வந்து பாக்காதீங்க. பசங்களுக்குச் சனிக்கிழமையே கிளாஸ் ஆரம்பிச்சிட்டாங்க."

வேதவல்லி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் புரொபசர்கிட்ட சொல்லி இப்பவே நிறுத்திடறேம்மா. எல்லாத்தையும் பத்திரமா சேத்து வெச்சு அனுப்பறேன். எல்லாத்தையும். எனக்கு நீங்க சொல்ற வரைக்கும் இவருக்கு அக்கா இருக்கறது தெரியாதும்மா. கேட்டு வர ஆளில்லைன்னு சொல்லித்தான் வந்தாரு."

"அவன்மேல எதாவது துணி போத்தி வைப்பா" என்றாள் வேதவல்லி. அதற்குமேல் பேச முடியாமல் கைப்பேசியை நௌஷாதிடம் கொடுத்துவிட்டாள்.

அறையில் சத்தமில்லை. வெளியே இறால் லாரி பின்னால் நகரும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் அதைப் பேசுவதற்கான நேரம் என்று எடுத்துக்கொண்டது.

"இருப்பில் உள்ளது ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், வியாழக்கிழமை இன்னொன்று வரவிருக்கிறது."

நௌஷாத் நிமிர்ந்தான். வரப்போகும் சரக்கைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இருப்பதைப் பார்ப்பது மட்டும்தான் அவன் வேலை.

"எங்கேருந்து?"

"அரசு மருத்துவமனை. ஆறாவது வார்டு, பதினான்காம் படுக்கை."

"படுக்கையா? பிணவறை இல்லையா?"

"இப்போது படுக்கையில்தான் இருக்கிறது. வியாழன் காலை கிடைக்கும் என்று மருத்துவமனை ஏஜென்ட் தெரிவித்துள்ளது. கல்லூரி அதை முன்பதிவு செய்துள்ளது. தாங்கள் விரும்பினால் முன்பதிவை மாற்றித் தரக் கோரலாம்."

அன்று திங்கட்கிழமை.

நௌஷாத் எழுந்து வெளியே போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். அந்தப் பிரிவுக்குத் தலைவி மாளவிகா. அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். அவளுடைய குரலும் சுத்தமாகவே இருந்தது.

"நௌஷாத், அது ஒரு கணிப்பு. வெயில் வந்தா ஐஸ்கிரீம் எவ்வளவு வரும்னு முன்கூட்டியே போடறோம் இல்லையா? அதே மாதிரிதான். ரேக்கைக் காலியா வெச்சுக்கணும், வண்டி சொல்லணும்."

"மேடம், இது உயிரோட இருக்கற ஆளு."

"அவரை யாராவது தொட்டாங்களா? கணக்குதானே. சரி, அந்தம்மா விஷயத்துக்கு வா. மாத்தா ஒண்ணு குடுக்க முடியும்னா குடுத்துடு. நல்ல ஆம்புலன்ஸா ஏற்பாடு பண்ணு. கொஞ்சம் மனிதாபிமானத்தோட பண்ணு, என்ன?"

அவன் சரி மேடம் என்று சொல்லவில்லை. போனைத் துண்டித்துவிட்டு, குழாயடியில் வாயைக் கொப்பளித்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவனுக்கு எதையோ கெட்டுப்போனதைத் தின்றுவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி கொப்பளித்தான்.

திரும்பி வந்தபோது வேதவல்லி எழுந்து நின்றிருந்தாள்.

"அந்தப் பதினாலாம் நம்பர் படுக்கையில யாரு இருக்காங்கன்னு பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

நௌஷாத் தன் பைக்கிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனான்.

ஆறாவது வார்டு ஆண்கள் வார்டு. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. பதினான்காம் படுக்கையை நெருங்க நெருங்க அது கூடியது. படுக்கையில் தாடியும் சடையுமாக ஒரு கிழவர். மேம்பாலத்துக்கு அடியிலிருந்து கொண்டுவந்தார்களாம். காலில் புண். புழுக்களை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டின் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. ஒரு கையில் சொட்டுமருந்துக் குழாய்.

அவர் கண்ணைத் திறந்து வேதவல்லியைப் பார்த்தார்.

"யாருடி நீ? தள்ளி நில்லு" என்றார். பக்கத்துத் தரையில் காறித் துப்பினார்.

வேதவல்லி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். பாவப்பட்ட ஒரு முகத்தை எதிர்பார்த்து வந்திருந்தாள். இந்த ஆளைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

வார்டு சிஸ்டர் ரெஜினா வந்தார். "இவருக்கு நீங்க சொந்தமா?"

"இல்லைங்க" என்றான் நௌஷாத். "இவருக்கு எப்படி இருக்கு சிஸ்டர்?"

"வந்தப்ப ரொம்ப மோசம். பொழைக்க மாட்டாருன்னுதான் எல்லாரும் நெனச்சோம். இப்ப ரெண்டு நாளா காய்ச்சல் எறங்குது. பாக்கறீங்களே, திட்டற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சு." ரெஜினா லேசாகச் சிரித்தார். "மருந்து மட்டும் இன்னும் ஒரு வாரம் விடாம போச்சுன்னா எழுந்து நடந்துடுவாரு. அதுலதான் ஏதோ குழப்பம்."

"என்ன குழப்பம்?"

"டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதியிருக்காரு. மருந்து ஸ்டோர் ஏஜென்ட் நாளையோட நிறுத்தியிருக்கு. கேட்டா அந்தப் படுக்கை காலியாகுது, ஒதுக்க முடியாதுங்குது. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க போலன்னு நானும் விட்டுட்டேன்."

நௌஷாதுக்குப் புரிந்துவிட்டது. கிடங்கில் அவன் தினமும் பார்க்கும் வேலைதான் இது. ஒரு ஏஜென்ட் எழுதும், அதை இன்னொன்று படிக்கும், படித்ததை வைத்து மூன்றாவது முடிவெடுக்கும். வெண்ணெய்க்கும் இறாலுக்கும் அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு பிசிறில்லாமல் நடக்கும் என்று புதிதாக வருபவர்களிடம் அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"சிஸ்டர், இவரு வந்த அன்னிக்கு, பொழைக்க மாட்டாரு, கேக்க ஆளும் இல்லைன்னு உங்க ஆஸ்பத்திரி ஏஜென்ட் எங்க கிடங்குக்குச் சொல்லியிருக்கு. எங்க பதிவுல வரப்போற சரக்குன்னு ஏறிடுச்சு. காலேஜ் அதை எடுத்துக்கிட்டு வியாழக்கிழமைக்கு வண்டி போட்டுடுச்சு. இப்ப உங்க மருந்து ஸ்டோர் எங்க பதிவை வந்து பாக்குது. வியாழக்கிழமை இவரு எங்ககிட்ட வந்துடுவாருன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு மருந்துன்னு நிறுத்திடுச்சு."

ரெஜினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து நிறுத்தினா இவரு வியாழக்கிழமைக்கே போயிடுவாரே."

"ஆமா."

"கணிப்பு சரியா இருந்துச்சுன்னு ஆயிடும்."

"ஆமா சிஸ்டர்."

"யாரு இதைப் பண்றது?" என்று கேட்டாள் வேதவல்லி.

"யாருமே பண்ணலைக்கா. ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு நம்புது. அவ்வளவுதான்."

வேதவல்லி கொஞ்ச நேரம் கிழவரின் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு ரெஜினாவின் பக்கம் திரும்பினாள்.

"எந்தம்பியும் இங்கதான் இருந்தானா? காது மடல் கிழிஞ்சிருக்கும். லாரி ஓட்டறவன்."

ரெஜினாவின் முகம் மாறியது. "ஒன்பதாம் படுக்கை" என்றார்.

"அவனுக்கும் மருந்து நின்னுச்சா?"

ரெஜினா ஒன்பதாம் படுக்கையின் பக்கம் பார்த்தார். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. வார்டில் எழுபது பேர் இருந்தார்கள், பார்க்க இரண்டு சிஸ்டர்கள். குழாயைக் கழற்று என்று திரையில் வந்தால் கழற்றுவார்கள்.

நௌஷாத் தன் கைப்பேசியில் ஏஜென்ட்டைத் திறந்து, தணிகாசலத்தின் எண்ணைப் போட்டு, கல்லூரி எப்போது முன்பதிவு செய்தது என்று கேட்டான். கேட்டதற்காகப் பிறகு நெடுநாள் வருத்தப்பட்டான். பதில் உடனே வந்தது. பொருள் கிடங்குக்கு வந்து சேர்வதற்கு முந்தைய வாரமே முன்பதிவு ஆகியிருந்தது. நல்ல முறையில் திட்டமிட்டதால் தாமதம் இல்லாமல் அனுப்ப முடிந்தது என்றும் ஒரு வரி சேர்த்துச் சொன்னது.

வேதவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி பிழைத்திருப்பானா, மாட்டானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. எதிரில் நின்ற இரண்டு முகங்களும் அறையக்கூடிய முகங்களாக இல்லை. நௌஷாதின் கைப்பேசியை வாங்கிச் சுவரில் எறிந்தால்கூட அது வேறொரு கைப்பேசியில் அதே குரலில் பேசும்.

"ஏய், யாரு செத்துட்டாங்கன்னு ஒக்காந்திருக்கே?" என்றார் கிழவர் படுக்கையிலிருந்து. "பீடி இருக்கா?"

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இவனுக்கு மருந்து வரணும்னா என்னா பண்ணணும்?"

"சொந்தக்காரங்க யாராவது பேர் குடுத்தா, கேட்டு வர ஆளில்லாதவங்க கணக்கிலேருந்து எடுத்துடும். அப்ப டாக்டர் எழுதினபடி ஒதுக்கித்தான் ஆகணும்."

"அப்ப எழுதிக்க. தங்கச்சின்னு போடு."

"அக்கா" என்றான் நௌஷாத். "யோசிச்சுச் செய்யுங்க. நாளைக்கு இவரு பொறுப்பு உங்க தலைமேலதான் விடியும்."

"தெரியும்" என்றாள். அவளுக்கு அந்தக் கிழவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதைச் சொல்லவும் செய்தாள். "இந்த ஆளைப் பாத்தா எனக்குக் குமட்டுது. அதுக்காக வெட்டறதுக்கு அனுப்பிட முடியுமா? எழுதிக்க சிஸ்டர்."

பெயர் வேண்டியிருந்தது. கிழவர் சுலபத்தில் சொல்லவில்லை. நீ போலீஸா என்றார். என் பேரை வைத்து என்ன பண்ணப்போகிறாய் என்றார். கடைசியில் துலுக்காணம் என்றார்.

"குடும்பம் கிடும்பம் இருக்கா?" என்று கேட்டாள் வேதவல்லி.

"இருந்துச்சு. அடிச்சி வெரட்டிட்டேன்" என்றார், பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல்.

ரெஜினா தட்டச்சு செய்தார். சற்று நேரத்தில் மருந்து ஸ்டோரின் பதில் வந்தது. வாரம் முழுவதற்கும் ஒதுக்கியிருந்தது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சாதாரணமாக. நௌஷாதுக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இந்த வார்டுல வேற யாரு இருக்காங்கன்னு கேளு" என்றாள் வேதவல்லி.

அவன் கேட்டான். இன்னும் மூன்று படுக்கை எண்களை அது சொன்னது. நாளும் சொன்னது. கைப்பேசியின் குரல் சத்தமாகவே இருந்ததால் பக்கத்துப் படுக்கைகளில் துணைக்கு இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று ஒருவர் கேட்க, ரெஜினா சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் கெட்டிப்பட்டது.

அப்பாவுக்குத் துணையாக இருந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், வேலாயுதம் என்று பெயர், சுவரோரப் படுக்கையைக் கை காட்டினார். கட்டட வேலைக்கு வந்த வடநாட்டு வாலிபன் ஒருவன் அங்கே நினைவில்லாமல் கிடந்தான்.

"அந்தத் தம்பியை எம்பேர்ல எழுதிக்குங்க."

"என்ன உறவுன்னு போட?"

"அண்ணன்னு போடுங்க."

"பாத்தா நம்ம ஊர்ப் பையன் மாதிரி இல்லையே."

"கம்ப்யூட்டரு மூஞ்சியைப் பாத்தா கேக்கப்போகுது? போடுங்க சிஸ்டர்."

மற்ற இரண்டு பேருக்கும் ஆள் கிடைத்தது. ஒருவனுக்கு அண்ணன் கிடைத்தான், இன்னொருவருக்குச் சித்தப்பா. யாரும் இதைப் பெரிய காரியமாகச் செய்யவில்லை. ஒரு அம்மாள் பெயரைக் கொடுத்துவிட்டு, கேஸ் கீஸ் என்று வந்தால் தன்னால் அலைய முடியாது என்று முன்கூட்டியே சொன்னார்.

நௌஷாத் முன்பதிவை ரத்துசெய்யப் பார்த்தான். பெறுநரின் ஒப்புதல் வேண்டும் என்று வந்தது. கல்லூரியின் ஏஜென்ட் ஒப்புதல் தரவில்லை. மாளவிகா இரண்டு முறை அழைத்தாள். மூன்றாவது முறை எடுத்து, தான் எங்கே இருக்கிறான், என்ன பார்த்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ ஏன் அங்க போனே?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். மறுநாள் காலையில் அவனுடைய நுழைவு அட்டைக்குக் கிடங்கின் கதவு திறக்கவில்லை. திறக்காததில் அவனுக்கு ஒருவித சுகம்கூட இருந்தது. நான்காம் அறையைத் தாண்டித்தான் அவனுடைய மேசைக்குப் போக வேண்டும்.

அவன் பைக்கைத் திருப்பி நேராக மருத்துவமனைக்குப் போய், டீனைப் பார்க்கக் காத்திருந்தான். டீனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஆறாவது வார்டுக்கு மட்டும் மருந்துச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்து வாங்க உத்தரவு போட்டார். மற்ற வார்டுகள் என்று நௌஷாத் கேட்டதற்கு, மேலே எழுதுகிறேன் என்றார். மேலே இருப்பவர்களுடைய கடிதங்களையும் ஏஜென்ட்டுகள்தான் பிரித்துப் படிக்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை. நௌஷாதும் கேட்கவில்லை.

புதன்கிழமை மோசஸ் சொன்ன சொல் காப்பாற்றினார். வண்டியில் தானே கூட வந்திருந்தார். உடலின்மேல் புதுக் கோடித் துணி. திறக்க வேண்டாம் என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டார். பொன்னேரியில் தூக்கியவர்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனமே இல்லை. வேதவல்லி அதையும் கவனித்தாள். சுடுகாடுவரை கூடவே நடந்தாள், பெண்கள் வரக்கூடாது என்று சொன்ன ஒருவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆறாவது வார்டுக்கு வந்தாள். தூக்கில் இட்லி கொண்டுவந்திருந்தாள். துலுக்காணம் உட்கார்ந்து சாப்பிட்டார். சட்னியில் காரம் இல்லை என்று திட்டினார். ஒரு இட்லியைப் பாதி கடித்து வைத்தார். தாடியெல்லாம் சட்னி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணியை எடுத்து அவரிடம் எறிந்தாள்.

அப்போது வாசலில் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். கிடங்கின் குளிர்வண்டி ஓட்டுநர். கையில் மடித்த தள்ளுவண்டி, இன்னொரு கையில் கைப்பேசி. அவர் பிணவறையில்தான் எப்போதும் சரக்கெடுப்பார். அங்கே இல்லை, வார்டில் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"பதினாலாம் நம்பர்?" என்று கேட்டார்.

ரெஜினா தலையால் காட்டினார். ஓட்டுநர் படுக்கையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி கைப்பேசியைப் பார்த்தார்.

"என்னடா பாக்கறே?" என்றார் துலுக்காணம், வாய் நிறைய இட்லியுடன்.

ஓட்டுநருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தள்ளுவண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கைப்பேசியில் 'பொருள் பெறப்படவில்லை' என்று அழுத்தினார். உடனே எதிர்க் கேள்வி வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வேதவல்லிதான் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"எப்போது தயாராகும்?"

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டுநர் பதில் போடவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் செருகினார். வலது கையைப் பேன்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நான் கீழ டீ குடிக்கப் போறேன்" என்றார் கிழவரிடம். "உனக்கு வாங்கியாரவா?"

"சக்கரை தூக்கலா" என்றார் துலுக்காணம்.